கோயில் வாசலில் எடுத்த படம்

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. மின்கம்பத்தில் மாட்டும் வெள்ளை இன்சுலேட்டர்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கழிவை ஒரு பக்கமும் வைக்க வேண்டும். வாரத்தில் ஆறு நாள் கீறலையே தேடும் கண்ணுக்கு ஏழாவது நாள் வேறு எதையாவது பார்க்க வேண்டும் போலிருக்கும். அதனால்தான் கேமரா வாங்கினேன் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். உண்மையான காரணம் எனக்கே தெரியாது.

ஃபிலிம் போட்ட காலத்தில் ஒரு ரோலை இரண்டு மாதம் வைத்து எடுப்பேன். டிஜிட்டல் கேமரா கைக்கு வந்த பிறகு அந்த அடக்கம் போய்விட்டது. மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் இறங்கும் கூட்டம், எங்கள் பங்குக் கோயிலான மாதா கோயில் திருவிழாவில் தேர் திரும்பும் முனை, பள்ளிக்கூட விளையாட்டு விழா என்று எதையும் விடமாட்டேன். ஒன்றும் நடக்காத ஞாயிற்றுக்கிழமைகளில், கம்பெனிக்குப் பின்னால் மலைபோலக் கொட்டிக்கிடக்கும் உடைந்த பீங்கானுக்கு நடுவே முளைத்த புல்லையும் அதில் வந்து உட்காரும் தும்பியையும் எடுப்பேன். ஆனால் ஒருவரை நிற்கவைத்து, ‘இப்படிப் பாருங்க’ என்று சொல்லி எடுத்ததே இல்லை. கூச்சம்தான். யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், “அதுக்கு ஸ்டுடியோக்காரர் இருக்காருங்க” என்று நழுவிவிடுவேன்.

டிஜிட்டல் வாங்கிய வருஷம் மாசியில், நான்கு வீடு தள்ளியிருந்த அத்தை என்னைத் தெருவில் நிறுத்தினார். சொந்தம் எதுவும் இல்லை. ஒரே தெரு, ஒரே கோயில் என்பதால் அவரை அத்தை என்றும் அவர் வீட்டுக்காரரை மாமா என்றும் கூப்பிட்டுப் பழக்கம்.

“தம்பி, எங்க வூட்டுத் துணிக்கொடியில ஒரு குருவி கூடு கட்டுது. நீ இதெல்லாம் போட்டோ எடுப்பியாமே, வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். தேன்சிட்டு. கொடிக்கயிற்றின் ஒரு முனையில் நூலும் சருகும் சிலந்திவலையுமாக ஒரு சிறு பை தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை அன்றைக்கே துணி காயப்போடுவதை மாடிக்கு மாற்றிவிட்டார். முழங்கால் வலியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார். வேலை முடிந்து வரும் சாயங்காலங்களில் நான் அவர்கள் பின்கட்டில் சுவரோடு சுவராக நிற்பேன். அத்தை ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு குறைவு. சத்தம் கேட்டால் தாய்க்குருவி வராது என்று அவருக்கே தெரிந்துபோயிருந்தது.

அப்படி ஒரு நாள் அவர் மிகத் தணிந்த குரலில் சொன்னார்: “எம் பையனுக்குப் பொண்ணு பொறந்திருக்குதாம். ஒங்க அக்கா சொல்லுச்சு. மாமாகிட்ட சொல்லிடாத.”

அக்கா என்று அவர் சொன்னது தன் மகளை. பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர்; பள்ளிக்கூட டீச்சர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். மகன் எங்கள் எல்லோருக்கும் இளையவன். ஏழு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்த பெண்ணைக் கோயிலில் வைக்காமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டான். மாமா அவனை வாசலில் நிற்கவைத்து, “இனிமே இந்தப் படி ஏறாத” என்று சொல்லிவிட்டார். அவன் காரைக்கால் போய்ப் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தான். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அந்தப் படியை அவன் ஏறவில்லை. அத்தை அவனோடு பேசியதெல்லாம் மகள் வீட்டுக்குப் போகும்போது அவள் செல்போனில்தான்.

மாமா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல. ஜங்ஷனில் பாயின்ட்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வண்டி வருவதற்கு முன் தண்டவாளத்தைச் சரியான பாதைக்குத் திருப்பிவிடும் வேலை. எட்டு மணிப் பூசைக்கு ஏழரைக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். பூசைக்குப் பிந்தி வருகிறவர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அது போதும், அடுத்த வாரம் அவர்கள் நேரத்துக்கு வந்துவிடுவார்கள்.

அந்த வருஷம் மே மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அத்தை இறந்துபோனார். பால் காய்ச்ச எழுந்தவர் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார்.

நான் போனபோது ஐஸ் பெட்டி வந்திருந்தது. அக்கா மூலையில் நின்று திரும்பத் திரும்பத் தம்பிக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார். எடுப்பார் இல்லை. பழுது பார்த்த எஞ்சினை ஓட்டிப் பார்க்க அவன் கடலுக்குப் போயிருக்கிறான் என்று அவன் மனைவி சொன்னாளாம். அக்கா அப்பாவிடம் போய், “நாளைக்கு எடுக்கலாம்பா, ஐஸ் பெட்டிதான் இருக்குதே” என்றார். மாமா, “இன்னிக்குத்தான். மூணு மணிக்குப் பூசை. சாமியார்கிட்ட சொல்லிட்டேன்” என்றார். அக்கா மறுபடி போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்து கல்லறைக்குக் கொண்டுபோவதற்கு முன், கோயில் வாசலில் பெட்டியைத் திறந்தபடி வைத்து, குடும்பத்தார் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். அன்றைக்கு ஸ்டுடியோக்காரர் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அக்கா என்னிடம் வந்து, “தம்பி, நீதான் எடுக்கணும்” என்றார். நழுவ முடியவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய்க் கேமராவை எடுத்து வந்தேன்.

பூசை முடிந்தபோது மணி நாலு. வெயில் மேற்கிலிருந்து சாய்வாக அடித்தது. பெட்டியை இரண்டு பெஞ்சின்மேல் வைத்தார்கள். முகம் தெரிவதற்காகத் தலைப்பக்கம் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தார்கள். மாமா தலைமாட்டில் நேராக நின்றார். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் பின்னால். மாமாவின் தோளுக்குப் பின்னால் அக்கா தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஓர் உறவுக்காரப் பெண்மணி அதில் வந்து நிற்கப்போக, அக்கா அவர் கையைப் பிடித்து மறுபக்கம் நகர்த்தினார். “இங்க எடம் வுடுங்க சித்தி.”

பிறகு அங்கேயே நின்று போனில் ஏதோ பேசிவிட்டு என்னை நோக்கி நடந்து வந்தார். ஏதோ கேமராவைப் பற்றிச் சொல்வதுபோலக் குனிந்து, காதோடு சொன்னார்: “சேத்தியாத்தோப்பு வந்துட்டான். முக்கா மணி நேரத்துல வந்துடுவான். கொஞ்சம் இழு தம்பி.”

இழுத்தேன். லென்ஸைத் துடைத்தேன். வெயில் கண்ணில் படுகிறது என்று பிள்ளைகளை நகர்த்தினேன். பேட்டரியைக் கழற்றி மாற்றினேன். குடும்பத்தாரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி நிற்கச் சொன்னேன். பிறகு பழையபடியே நிற்கச் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக மனிதர்களை நிற்கவைத்தது அன்றுதான். ஒரு கால் மணி நேரம் ஓடியிருக்கும். பங்குச்சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அழுகையெல்லாம் ஓய்ந்து, எல்லோரும் வெயிலில் வெறுமனே நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் அத்தையின் நெற்றியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. மாமா குனிந்து அதைக் கையால் விரட்டினார்.

நான் மறுபடி பேட்டரி மூடியில் கைவைத்தேன்.

“பேட்டரிய எத்தினி தபா மாத்துவ?” என்றார் மாமா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கோபமாக இருந்திருந்தால்கூட எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் முகத்தில் கோபம் இல்லை. வண்டி வரும் திசையைப் பார்த்து நிற்கிறவர் முகம்போல இருந்தது.

“வண்டி யாருக்காவவும் நிக்காது. எடு.”

எடுத்தேன். மூன்று படம்.

கல்லறை கோயிலிலிருந்து ஐந்து நிமிஷ நடைதான். மண்ணைத் தள்ளி, மேட்டைச் சமப்படுத்தி, மாலைகளை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடியே வந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நகத்திலும் விரல் இடுக்கிலும் எஞ்சின் கிரீஸ் அப்படியே இருந்தது. மாமா அவனைக் கடந்து வெளியே நடந்தார், பார்க்கவில்லை. அவன் மேட்டின் அருகே குந்தினான். எல்லோரும் போட்டு முடித்த பிறகு, அவன் ஒரு பிடி மண்ணை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாதவன்போல வைத்துக்கொண்டிருந்தான். அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கேமராவைப் பைக்குள் வைத்து வார்ப்பட்டையை இழுத்து மாட்டினேன்.

ஏழாம் நாள் பூசைக்கு அவன் மறுபடி வந்தான். பின்வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் அப்பாவின் பக்கம் போகாமல் என் வீட்டுக்கு வந்தான். என் மனைவி டீ கொடுத்தாள். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

“அண்ணே, அந்தப் போட்டோவ பாக்கலாமாங்க?”

கம்ப்யூட்டரில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அப்பாவின் தோளுக்குப் பின்னால் இருந்த இடத்தைப் பார்த்தான்.

“என்னை இதுல சேக்க முடியுமாண்ணே?”

ஸ்டுடியோக்காரர்கள் அப்போது இதைச் சர்வ சாதாரணமாகச் செய்துகொண்டிருந்தார்கள். செத்தவர்களைப் பேரப்பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். துபாயில் இருக்கும் மாப்பிள்ளையைத் தலைதீபாவளிப் படத்தில் நிற்கவைத்தார்கள். எனக்கு அது ஒவ்வாது. கீறல் விழுந்த இன்சுலேட்டரைப் பூசி மறைத்து அனுப்பினால் எங்கோ ஒரு கம்பத்தில் ஒருவன் உயிர் போகும் என்று பயந்து பயந்து வேலை செய்தவன் நான். உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்பது எனக்குக் கொள்கை என்பதைவிடப் பழக்கம்.

“அது நடக்காததுதானப்பா” என்றேன்.

“ஆமாங்க. நடக்காததுதான்.” திரையில் அந்த இடத்தை விரலால் தொட்டான். “எம் பொண்ணுக்கு நாளைக்கு வெவரம் தெரியும். எல்லாரும் நிக்கிறாங்க, நீ எங்கப்பான்னு கேப்பா. நான் என்னாங்க சொல்லட்டும்?”

என் மனதில் ஓடியதெல்லாம் அந்தக் கால் மணி நேரம்தான். அவன் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று தெரிந்தே நான் பட்டனை அழுத்தினேன். கேமராவைக் கீழே போட்டிருக்கலாம். மெமரி கார்டு கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யோசித்துப் பார்க்கப் பார்க்க வழிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. அதை அவனிடம் சொல்லும் தைரியம் வரவில்லை. சொல்வதற்குப் பதிலாக, “சரி, மாடிக்கு வா” என்றேன்.

வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்தேன். கையைக் கட்டிக்கொள்ளவா, தொங்கவிடவா என்று கேட்டான். அன்றைக்கு எப்படி நின்றிருப்பாயோ அப்படி நில் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அடுத்த ஞாயிறு ஸ்டுடியோக்காரரிடம் போய் உட்கார்ந்து செய்தோம். அவர் அவனை வெட்டி எடுத்து, அளவைக் குறைத்து, அந்த இடத்தில் வைத்தார். பொருந்தியது. ஆனால் கோயில் வாசலில் வெயில் மேற்கிலிருந்து வந்தது; மாடியில் நான் எடுத்தது காலை வேளை. எல்லோருக்கும் ஒரு கன்னத்தில் வெளிச்சம், அவனுக்கு மட்டும் மறு கன்னத்தில். ஸ்டுடியோக்காரர், “இதெல்லாம் யாருங்க பாக்கப் போறாங்க?” என்றார். ஒரே ஒரு பிரதி போட்டு அவனுக்கு அனுப்பினேன். அக்காவுக்கும் மாமாவுக்கும் எடுத்தபடியே இருந்த படத்தைக் கொடுத்தேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் போனது. மாமாவுக்குக் கண்ணில் புரை வளர்ந்து, பூசைக்கு வரும்போது சுவரைத் தடவி நடக்க ஆரம்பித்தார். புதுச்சேரியில் ஆபரேஷன். பத்து நாள் தூசு படக் கூடாது என்றார்கள். எங்கள் தெருவிலோ ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். செம்மண் புழுதி வீட்டுக்குள் பறந்துகொண்டிருந்தது. அக்காவுக்குப் பரீட்சை நேரம், லீவு கிடையாது. அவர் தம்பிதான் புதுச்சேரிக்கே வந்து காரில் காரைக்காலுக்குக் கூட்டிப்போய்விட்டான். ஒரு கண்ணில் கட்டும் மறு கண்ணில் மங்கலுமாக இருந்த மனிதரால் அப்போது மறுக்க முடியவில்லை என்று அக்கா சொன்னார்.

மாமா திரும்பி வந்த மறுநாள் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“அவன் வூட்டுல ஒரு போட்டோ மாட்டியிருக்குது. நீதான் செஞ்சியா?”

“ஆமாங்க மாமா.”

திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“அவன் மூஞ்சில வெளிச்சம் வேற பக்கத்துலேர்ந்து வருது. கட்டு அவுத்ததும் மொதமொதல்ல தெளிவாத் தெரிஞ்சது அதுதான். உக்காந்து உக்காந்து பாத்தேன். சரியா செய்யல நீ.”

“ஆமாங்க. தெரியும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். அந்தக் கண் ஈரமாக இருந்தது. ஆபரேஷனாலா வேறு எதனாலா என்று எனக்குத் தெரியாது.

“சேத்தியாத்தோப்பு வந்துட்டான்னு எனக்குத் தெரியும்” என்றார். “நான் நிக்கிற எடத்துக்குப் பின்னாடிதான் ஒங்க அக்கா போன் பேசுச்சு. எல்லாம் காதுல வுழுந்தது. முக்கா மணி நேரம். என் சர்வீஸ்ல எத்தினியோ வண்டிய சிக்னல்ல நிறுத்தி வெச்சிருக்கேன். நின்னுதான் போவும். நிக்காதுன்னு நான் சொன்னது பொய்.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

“ஒனக்கும் தெரியுமில்ல?”

“தெரியும் மாமா. அக்கா எங்கிட்டயும் சொன்னாங்க.”

“அப்புறம் ஏன் எடுத்த?”

“நீங்க எடுன்னு சொன்னீங்க.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார். கூடத்துச் சுவரில் நான் கொடுத்த படம் தொங்கியது. நாங்கள் இரண்டு பேருமே அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் எழுந்தபோது, “அவங்கிட்ட சொல்லாத” என்றார். சரி என்றேன்.

அதற்குப் பிறகு மகன் வர ஆரம்பித்தான். யாரும் அழைத்ததாகவோ மன்னித்ததாகவோ தெரியாது. கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போக ஒருமுறை வந்தான். கல்லறைத் திருநாளுக்கு மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். அப்பாவும் மகனும் பேசியதெல்லாம் சாப்பிட்டாச்சா, பஸ் எத்தனை மணிக்கு என்ற அளவில்தான். பேத்தி அந்த வீட்டுப் படியில் ஏறி இறங்கி விளையாடுவதை மாமா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஐப்பசி மழையில் மாமா போய்ச்சேர்ந்தார். காய்ச்சல் என்று படுத்ததுமே மகன் வந்துவிட்டான். நான்கு நாள் கூடவே இருந்து, தூக்கி உட்காரவைத்து, கஞ்சி ஊட்டியது அவன்தான். கோயில் வாசலில் ஸ்டுடியோக்காரர் படம் எடுத்தார். மழை விடாததால் பந்தல் போட்டிருந்தார்கள். நான் கேமரா கொண்டுபோகவில்லை. குடை பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன்.

எல்லாம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது அவன் என் குடைக்குள் வந்தான். இருவரும் சேற்றைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.

“அண்ணே, அம்மா செத்த அன்னிக்கு நடந்ததப் பத்தி அப்பா ஒங்ககிட்ட எதுனா சொன்னாராங்க?”

நான் நின்றுவிட்டேன். சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவர் மண்ணுக்குள் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் கேட்கிறவன் அவர் மகன். இனி இதைக் கேட்க வேறு யாரிடமும் அவன் போக முடியாது.

“சொன்னாருப்பா” என்றேன். “நீ சேத்தியாத்தோப்பு வந்துட்டன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் காக்கலன்னு சொன்னாரு. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னாரு.” பிறகு அதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. “எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன். மாமா எடுன்னு சொன்னதும் என்னால நிக்க முடியல. இத்தினி வருஷமா ஒங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்.”

அவன் முன்னால் போய்க்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தான்.

“தெரியுங்கண்ணே. அன்னிக்கு சாயங்காலமே அக்கா எல்லாத்தையும் சொல்லிடுச்சு. நீங்க ரெண்டு தபா பேட்டரி மாத்துனது வரைக்கும்.”

“தெரிஞ்சுமா படத்துல சேக்கச் சொல்லி எங்கிட்ட வந்து கேட்ட?”

“வேற யார்கிட்டங்க கேப்பேன்? எனக்காவ கால் மணி நேரம் நின்னவரு நீங்க ஒருத்தர்தான்.”

அவன் என் முகத்தைப் பார்க்காமல், குடைக் கம்பியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டான். நான் பாதி நனைந்திருந்தேன் போலிருக்கிறது. குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தான். ரோட்டு முனையில் டீக்கடை திறந்திருந்தது. அக்கா அங்கே ஒதுங்கி நின்று எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே,” என்றான். “காலையிலேர்ந்து அக்கா ஒண்ணுமே குடிக்கல.”